ஹெர்குலிஸின் கால் கட்டைவிரல்

"தொடாதீங்க" என்று சொல்வதற்கே சம்பளம் தருகிற வேலை ஒன்று உலகத்தில் உண்டு. பாக்கியலட்சுமி அந்த வேலையைப் பல வருடங்களாகப் பார்த்துவந்தார். எங்கள் அரும்பொருளகத்தின் இரண்டாம் மாடியில், காட்சிக்கூடத்தின் ஓரத்தில், சாய்மானம் இல்லாத ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது கண்ணாடிப் பெட்டிமேல் லேசாகச் சாய்ந்தால் போதும், எழுந்து வந்துவிடுவார். தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றிலும் சொல்வார். மாண்டரினில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தெரியும். அதை அவர் சொல்கிற சுத்தத்தைக் கேட்டு, சீனாவிலிருந்து வந்த பயணிகள் அவரிடம் நீளமாக ஏதோ விசாரிக்க ஆரம்பிப்பார்கள். அப்போது மட்டும்தான் அவர் திருதிருவென்று விழித்து நான் பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்தது திரையில். என் பெயர் பசுபதி. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கட்டுப்பாட்டு அறையில், கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றேன். நாள் முழுக்க வீட்டில் இருந்தால் மனைவியோடு சண்டை வருகிறது என்று இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காத்தோங்கில் குடியேறியது. இன்னமும் என்னைச் 'சிலோன்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குப் பொறுமை குறைவு, வாய் கொஞ்சம் நீளம். பாக்கியத்துக்கும் எனக்கும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அவருக்கும் வாய் நீளம்.

பாக்கியம் பள்ளிப் படிப்பை முடித்ததும் தோ பாயோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்ட வைக்கிற வேலை. மூச்சை இழுத்துவிட்டால்கூடக் கம்பி நகர்ந்துவிடுமாம். அந்த வேலையில்தான் கல்யாணம், அந்த வேலையில்தான் பிள்ளைப்பேறு, அந்த வேலையில் இருக்கும்போதுதான் பஸ் ஓட்டுநரான கணவர் மாரடைப்பில் போனார். அப்புறம் தொழிற்சாலையே மலேசியாவுக்குப் போய்விட்டது. ஆட்குறைப்பில் வெளியே வந்தவர், மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது கிளமெண்டியில் தனியாக இருக்கிறார். தொழிற்சாலையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுவார்.

"பாருங்க அண்ணே, இந்தக் கை நான் சொல்லாம அசையாது."

அந்த வருடம் இத்தாலியிலிருந்து சில பளிங்குச் சிலைகள் கண்காட்சிக்கு வந்தன. அவற்றில் பெரியது ஹெர்குலிஸ், ரோமானியர் காலத்துச் சிலை. ஆளைவிட உயரம். தோளெல்லாம் பாறைபோல இருக்கும், ஆனால் நிற்கிற நிலையில் வீரமே இல்லை. சிங்கத்தோலைப் போர்த்திய கதாயுதத்தை அக்குளில் முட்டுக்கொடுத்து, அதன்மேல் சாய்ந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை. பார்வையாளர்கள் நெருங்கிப் பார்க்கட்டும் என்று நாலு விரல் உயர மேடையில்தான் வைத்திருந்தார்கள், சுற்றிலும் ஒரு கயிறு. இடது கால் மேடையின் விளிம்புவரை நீண்டிருக்கும். பாக்கியத்தின் முக்காலியை அவன் காலுக்கு நேரே போட்டார்கள்.

"ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான் பாவம்" என்றார் முதல் நாளே.

அந்தக் கூடத்தைத் துடைப்பவர் நஃபீசா. துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், எங்கள் ஆள் இல்லை. தேக்கா சந்தைக்கு மேலே உள்ள அடுக்குமாடியில், படுத்த படுக்கையாக இருக்கும் தாயோடு இருக்கிறார். அரும்பொருளகத்திலிருந்து ஒரு பஸ் பிடித்தால் வீடு. மதிய இடைவேளையில் ஓடிப்போய்த் தாய்க்குச் சோறு ஊட்டிவிட்டு ஓடிவருவார். அதனால் தன் சாப்பாட்டைப் பத்து மணிக்கே பாக்கியத்தோடு சாப்பிட்டு முடித்துவிடுவார். பாக்கியம் புளிச்சோறு கொண்டுவருவார், நஃபீசா சமோசா கொண்டுவருவார், எனக்கு இரண்டிலும் பங்கு உண்டு. பாக்கியத்தை நஃபீசா 'அக்கா' என்று, பேச்சுவாக்கில் வெறும் 'கா' என்று, கூப்பிடுவார். மகளுக்குச் சொல்லாத விஷயங்களைக்கூடப் பாக்கியம் அவரிடம் சொல்வார்.

வழிகாட்டிகள் நாளெல்லாம் ஹெர்குலிஸின் கதையைச் சொல்லிச்சொல்லி, அந்த இரண்டு பெண்களுக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. ஒரு தேவதை அவனுக்குப் பித்துப்பிடிக்க வைத்தாள். அந்தப் பித்தில், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், தன் பிள்ளைகளைத் தானே கொன்றுவிட்டான். தெளிந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அதற்குக் கழுவாயாகத்தான் சிங்கத்தைக் கொன்றது முதலான அத்தனை கஷ்டமான வேலைகளும். இதைப் பற்றி ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பெரிய வாக்குவாதம்.

"தெரியாம செஞ்சதுக்கா கா இவ்ளோ தண்டனை? பாவம் லா" என்றார் நஃபீசா.

"தெரியாம செஞ்சா? கை யாரோட கை? அவன் கைதானே" என்றார் பாக்கியம். "அவன்தான் பதில் சொல்லணும்."

பாக்கியம் அப்படித்தான். வேலையில் தவறு செய்தவர்களுக்கு அவரிடம் இரக்கம் கிடையாது. நான் ஒரு முறை திரைக்கு முன்னால் கண்ணயர்ந்துவிட்டதை ஒரு மாதம் சொல்லிக்காட்டினார்.

சிலைகளோடு வந்திருந்த இத்தாலியப் பெண் ஒருவர் வாரம் ஒரு முறை கைவிளக்கு அடித்து எல்லாவற்றையும் பரிசோதிப்பார். ஒரு திங்கட்கிழமை, ஹெர்குலிஸின் இடது கால் கட்டைவிரலுக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை. விரல்நுனி அகலத்துக்கு ஒரு கறை. சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். பளிங்கு பார்வைக்குத்தான் வழவழப்பு, எதைத் தடவினாலும் உறிஞ்சிக்கொள்ளும். அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் மேலாளர் முகமும் வெளுத்தது. மேலாளர் சீனப் பெண், நல்ல மாதிரி, ஆனால் மேலிடம் என்றால் நடுங்குபவர்.

அன்று மத்தியானமே எங்களை ஓய்வறையில் கூட்டினார்கள். நஃபீசாவும் துடைப்பத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றார். அவர் கைகள் இரண்டிலும் மருதாணி. தங்கை மகள் கல்யாணம் முந்தின வாரம்தான் முடிந்திருந்தது. மேலாளரின் பார்வை அந்தக் கைகள்மேல் விழுந்ததை நான் பார்த்தேன். மருதாணி காய்ந்த பிறகு எதிலும் ஒட்டாது என்பது எனக்குத் தெரியும், அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியாது.

மேலாளர் பாக்கியத்திடம்தான் கேட்டார். பாக்கியத்தின் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

"என் நேரத்துல ஒருத்தரும் தொடல" என்றார் பாக்கியம், ஆங்கிலத்தில். "கயித்துக்கு உள்ள போனது கிளீனர் மட்டும்தான்."

நஃபீசா நிமிர்ந்து பார்த்தார். "நான் மேடையத்தான் கா துடைச்சேன். சிலையத் தொடவே இல்ல" என்றார் தமிழில்.

"அப்ப யாரு தொட்டா?" என்றார் பாக்கியம். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கணக்கு ஒத்துவராதபோது கேட்கிற மாதிரிதான் கேட்டார், அதுதான் எனக்குப் பகீரென்றது.

முன்பக்கக் கேமராவின் பதிவை எடுத்துக்கொடுத்தேன். நஃபீசா குனிந்து மேடையைத் துடைப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. கை சிலையின் காலில் பட்டதா இல்லையா என்பது துணியில் மறைந்துவிட்டது. அவ்வளவு போதும் என்று மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்த நிறுவனம் மாலைக்குள் வேறொரு துப்புரவாளரை அனுப்பிவிட்டது. நஃபீசாவைச் சாங்கியில் சரக்குக் கிடங்குக் கழிவறைகளுக்கு மாற்றினார்கள். தேக்காவிலிருந்து அங்கே போய்ச்சேர்வதற்குள் பாதிக் காலை போய்விடும். தாய்க்கு மதியச் சோறு யார் ஊட்டுவது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பாக்கியம் புளிச்சோற்றை என் மேஜைக்குக் கொண்டுவந்தார். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

"என்ன அண்ணே, நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பார்த்ததைத்தானே சொல்ல முடியும்."

அவர் கண்கள் சிவந்திருந்தன. இரவு தூங்கவில்லை போல. அவருக்கு நஃபீசாவைப் பிடிக்காமல் இல்லை. அவருக்குத் தன் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சமோசா நின்றுபோன கடுப்பு என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கக் கேமராவில் கூட்டம் மறைத்துவிடுகிறது என்று, வேலை ஓய்ந்த நேரங்களில் பக்கத்துக் கூடத்தின் கேமராவை ஓடவிட்டுப் பார்த்தேன். வாசல் வழியாக ஹெர்குலிஸின் பக்கவாட்டு அதில் கொஞ்சம் தெரியும். சனி, ஞாயிறு இரண்டிலும் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் போனேன்.

ஒரு தொடக்கப்பள்ளிக் கூட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சிலையை வரைகிறார்கள். ஒரு பென்சில் உருண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் மேடையை ஒட்டி நிற்கிறது. பிள்ளை ஒன்று எழுகிறது. பாக்கியம் கையமர்த்திவிட்டுத் தானே கயிற்றைத் தாண்டிப் போகிறார். முட்டிவலிக்காரர், உடனே குனிய முடியவில்லை. காலில் போட்டிருந்த சப்பாத்தின் நுனியால் பென்சிலை இழுக்கப் பார்க்கிறார். கால் வழுக்கி, சப்பாத்து ஹெர்குலிஸின் கட்டைவிரலில் இடிக்கிறது.

உடனே பாக்கியத்தின் கை கீழே போகிறது. சிலையின் விரலைத் தொடுகிறது, கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. மறுபடி தொடுகிறது, ஒற்றுகிறது. மூன்றாம் முறையும். இவ்வளவு நேரமும் அவர் முகம் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கிறது, வாய் எதையோ சொல்கிறது. ஒலி இல்லை. "தொடாதீங்க" என்பதாகத்தான் இருக்கும். பிறகு பென்சிலை எடுத்துக்கொடுத்துவிட்டு முக்காலிக்குத் திரும்பிவிடுகிறார்.

நம்மில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் கால் பட்டாலும், பக்கத்தில் இருப்பவர்மேல் கால் பட்டாலும் கை தானாகப் போகும், கண்ணில் ஒற்றும். செய்தோமா என்று யாராவது கேட்டால் தெரியாது என்போம். பொய்யும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பாக்கியம் சிராங்கூன் சாலைக் காளியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அன்று காலை தூறல். நெற்றிக் குங்குமம் ஈரமாக இருந்திருக்கும். முதல் முறை தொட்ட கை சுத்தமான கை. கண்ணில் ஒற்றும்போது நெற்றியில் பட்டு, அடுத்த முறை குங்குமத்தோடு போயிருக்கிறது.

விதிப்படி நான் நேராக மேலாளரிடம் போயிருக்க வேண்டும். பாக்கியத்தை முதலில் கூப்பிட்டேன்.

வந்து நின்றபடியே பார்த்தார். முடிந்ததும், "திரும்பப் போடுங்க" என்றார். போட்டேன்.

"இது நான் இல்ல அண்ணே."

திரையில் அவருடைய சீருடை, அவருடைய கொண்டை, அவர் எப்போதும் குத்துகிற பச்சைக் கிளிப்பு. மூன்றாம் முறை ஓடவிட்டபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல."

"தெரியும் பாக்கியம். கை தானா போயிருக்கு. எனக்கும் போகும்."

வலது கையைத் திருப்பித்திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதைப்போல. பிறகு அதை மடியில் போட்டு இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "என் கைதானே" என்றார். அப்புறம்தான் அழுகை வந்தது. "அந்தப் பிள்ளைய நான் தொலைச்சிட்டேனே அண்ணே. அவ அம்மாவுக்கு யாரு சோறு ஊட்டுறா?"

அவரே மேலாளரிடம் போனார், பதிவையும் கொண்டுபோகச் சொன்னார். வேலை போய்விடும் என்று முடிவுசெய்து, அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஆனால் அங்கே நடந்தது அதைவிட மோசம். மேலாளர் பதிவைப் பார்த்தார், நாங்கள் விளக்கியதைக் கேட்டார், பெருமூச்சுவிட்டார், பிறகு சிரித்தேவிட்டார். "ஓ, மரியாதைக்காகவா? இது உங்க கலாசாரம். நீங்க வேணும்னு செய்யல. இட்ஸ் ஓகே லா" என்றார். இத்தாலியப் பெண்கூட, பஞ்சை நனைத்து ஒற்றியொற்றிக் கறையை ஏறக்குறைய எடுத்துவிட்டதாகச் சொல்லி, அந்தப் பழக்கத்தைப் பற்றி ஆர்வமாக விசாரித்தார். பாக்கியத்தை வேறு கூடத்துக்கு மாற்றினார்கள், வாய்வார்த்தையாக ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

ஒருத்தி மருதாணிக் கையோடு நின்றதற்குச் சாங்கிக்கு அனுப்பினார்கள், அவளிடம் ஒரு கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை. உண்மையிலேயே தொட்டவருக்குக் கலாசாரம்.

"நஃபீசாவைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றார் பாக்கியம். மேலாளர் உடனே ஒப்பந்த நிறுவனத்துக்குப் போன் செய்தார். நிறுவனம் சரி என்றது. நஃபீசாதான் வரமாட்டேன் என்றுவிட்டார்.

பாக்கியம் போன் செய்தால் நஃபீசா எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனார். சந்தை நெரிசலில் காய்கறிப் பையோடு வந்த நஃபீசாவை நான்தான் முதலில் பார்த்தேன். அவர் ஓடவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "வாங்க அண்ணே, வாங்க கா" என்றார். அந்த மரியாதை எனக்குச் சங்கடமாக இருந்தது. உணவங்காடியில் ஒரு மேஜை கிடைத்தது. மூன்று 'தே', பால் தேநீர்தான், வாங்கிவந்து வைத்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் பாக்கியம்.

"பக்கத்து வீட்டுல பார்த்துக்கிறாங்க. அவங்க ஊட்டுனா சரியாச் சாப்பிட மாட்டேங்குது."

பாக்கியம் எல்லாவற்றையும் சொன்னார். பென்சில், கால், குங்குமம், திரை. இடையில் தன் கையைப் பார்த்தார், பிறகு அதை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். "எனக்குத் தெரியவே தெரியாதுமா. கை தானா போயிருக்கு. என்னை மன்னிச்சிரு. திரும்பி வந்துரு."

நஃபீசா தேயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நீங்க தொட்டதுல எனக்குக் கோவமே இல்ல கா" என்றார். "அது பழக்கம். அது உங்களுக்குத் தெரியாம நடந்துச்சு. என்னைச் சொன்னீங்கல்ல, அது தெரிஞ்சுதானே சொன்னீங்க."

பாக்கியம் தன் தேயைத் தள்ளிவைத்தார்.

"நஃபீசான்னுகூடச் சொல்லல. கிளீனர்னு சொன்னீங்க. தெனம் ஒரே டப்பால சாப்பிட்டோம்." குரல் உயரவே இல்லை. "அங்க வந்தா நான் அந்த மேஜையிலதான் உக்காரணும். முடியாது கா. சாங்கி தூரம்தான். பரவால்ல."

நஃபீசா எழுந்துகொள்ளப் பையை இழுத்தார். பாக்கியமும் பதறி எழப் பார்த்தார். அந்த மேஜைகளின் இருக்கைகளைத் தரையோடு பதித்திருப்பார்கள், கால் நகர்த்த இடம் இருக்காது. பாக்கியத்தின் சப்பாத்து நஃபீசாவின் காலில் நன்றாகவே இடித்தது.

பாக்கியத்தின் கை போனது. நினைத்துப் போனதா, தானாகப் போனதா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

நஃபீசா இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்க கா" என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு, என்னிடம் தலையசைத்துவிட்டு, மின்தூக்கி இருக்கும் பக்கம் நடந்தார். பாக்கியம் குனிந்தபடியே இருந்தார். கை மேஜைக்கு அடியில் பாதி வழியில் நின்றிருந்தது. மேஜையைத் துடைக்க வந்த ஆள், முடிந்ததா என்று கேட்டு நஃபீசாவின் தேயை எடுத்துக்கொண்டு போனார். அது அப்படியே முழுசாக இருந்தது.